மட்ராஸா, மிடில்செக்ஸா? பினாங்குக் குடும்பமொன்றின் பழைய யூஃபோனியம்: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

பினாங்கு ஆயர் ஈத்தாமில் வசிக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில், மூன்று வால்வு உள்ள பி பிளாட் யூஃபோனியம் (தாழ்ந்த குரலுள்ள பெரிய பித்தளை ஊதுவாத்தியம்) ஒன்று நான்கு தலைமுறையாக இருந்துவருகிறது. கொள்ளுத்தாத்தா காலத்தில் அது கல்யாணங்களிலும் கோயில் தேர்ப்பவனிகளிலும் ஒலித்தது. பிறகு பல ஆண்டுகள் மரப்பெட்டிக்குள் கிடந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது மட்டும் வெளியே எடுத்து, பித்தளைக்கான பளபளப்புத் திரவத்தால் தேய்த்து, கூடத்தில் வைப்பார்கள்.

கொள்ளுத்தாத்தா மட்ராஸ் ரெஜிமெண்டில் பேண்டு வாசித்தவர் என்றும், மலாயாவுக்குக் கப்பலேறியபோது வாத்தியத்தைக் கையோடு கொண்டுவந்தார் என்றும் குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். பெல் எனப்படும் அகன்ற வாயின் மேல் தேய்ந்துபோன ரோமன் எழுத்துகளை அதற்குச் சான்றாகக் காட்டினார்கள்: 'எம்', சற்றுத் தள்ளி 'டி', இன்னும் தள்ளி 'எஸ்', கடைசியில் ரெஜிமெண்ட் என்பதன் சுருக்கம்.

ஒரே மாதத்தில் இரண்டு காரியங்கள் சேர்ந்து வந்தன. பங்குக் கோயிலின் ஆண்டுவிழாக் கண்காட்சிக்கு வாத்தியத்தைக் கேட்டார்கள். விளக்க அட்டையில் என்ன எழுதுவது என்ற கேள்வி எழுந்தது. பள்ளி பேண்டில் யூஃபோனியம் வாசிக்கும் பேரன் அதே வாத்தியத்தை ஊதிப் பார்த்தபோது, மற்ற வாத்தியங்களோடு சேரவே இல்லை. ஏறக்குறைய அரை ஸ்வரத்தில் பாதி அளவுக்குச் சுருதி ஏறி நின்றது. பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டினார்கள். முதன்மைக் குழாயை வெட்டி நீளம் சேர்த்துப் பற்றவைத்தால் சரியாகிவிடும் என்றார் அவர். வெட்டுவதற்கு முன் பழம்பொருள் ஆய்வு தெரிந்தவர்களிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று குடும்பத்தார் யோசித்தது நல்லதாகப் போயிற்று.

## கையில் வந்தபோது இருந்த நிலை

பெல்லில் லண்டன் வாத்தியத் தயாரிப்பாளரான பூசி (Boosey) நிறுவனத்தின் பெயரும் முகவரியும். அதன் கீழே ஐந்து இலக்க வரிசை எண். அதற்கும் கீழே, குடும்பம் மட்ராஸ் என்று வாசித்த வரி. பெல்லின் பின்பக்கம் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய இரண்டு இனிஷியல்கள்.

வாத்தியம் முழுதும் ஒருகாலத்தில் வெள்ளி முலாம் பூசப்பட்டிருந்தது. கைபடும் இடங்களிலும், துணி அதிகம் தேய்ந்த பெல்லின் முன்பக்கத்திலும் முலாம் போய்ப் பித்தளை தெரிந்தது. கீழ் வளைவில் நீள்சதுர ஒட்டுத்தகடு ஒன்று. இரண்டு சொட்டைகள். சுருதியைச் சரிசெய்ய இழுக்கும் வளைந்த இருகால் குழாயான டியூனிங் ஸ்லைடு அசையவில்லை. மவுத்பீஸ் மாட்டும் குழாயில் சில இளஞ்சிவப்புப் புள்ளிகள். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சும் இடங்கள் அப்படித்தான் தெரியும்.

பட்டாளத்துச் சாமான் என்றால் அகன்ற அம்பு முத்திரை இருக்க வேண்டுமே, இதில் காணோமே என்று குடும்பத்து இளையவர் ஒருவருக்கு ஐயம். பலர் இங்கேதான் தவறான முடிவுக்குப் போகிறார்கள். அம்பு, பிரிட்டிஷ் அரசுச் சரக்குக்கான அடையாளம். ஊதுகொம்பும் முரசும் பணிச் சாமான்கள் என்பதால் அரசே கொடுத்தது. அவற்றில் அம்பைத் தேடலாம். ரெஜிமெண்ட் பேண்டின் கார்னெட் (டிரம்பெட் போன்ற சிறு வாத்தியம்), யூஃபோனியம் போன்றவை பெரும்பாலும் அதிகாரிகள் சந்தா போட்ட பேண்டு நிதியில் வாங்கப்பட்டவை. அவை ரெஜிமெண்டின் சொத்து, அரசின் சரக்கல்ல. ஆகவே யூஃபோனியத்தில் அம்பு இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

## முதல் முடிவு: தேய்ப்பதையும் வெட்டுவதையும் நிறுத்தியது

பளபளப்புத் திரவம் அன்றே நிறுத்தப்பட்டது. அதிலுள்ள நுண்ணிய தூள் ஒவ்வொரு தடவையும் உலோகத்தை ஒரு சிறு அளவு அரைத்தெடுக்கிறது. செதுக்கிய எழுத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அறுபது எழுபது கிறிஸ்துமஸ் போதும், எழுத்து மறைந்துவிடும். இத்தகைய திரவங்கள் சிலவற்றில் அம்மோனியாவும் உண்டு. பித்தளைக்கும் அம்மோனியாவுக்கும் ஆகாது என்பதைப் பட்டாளமே பாடுபட்டுத்தான் கற்றது: இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டா உறைகள், மழைக்காலத்தில் குதிரை லாயங்களை ஒட்டி அடுக்கி வைக்கப்பட்டபோது தாமாகவே பிளந்தன. இறுக்கம் உள்ளே தங்கிய பித்தளை, ஈரம், அம்மோனியா ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதுதான் நடக்கும். வளைத்துச் செய்த வாத்தியக் குழாயிலும் அந்த இறுக்கம் இருக்கிறது. பினாங்கின் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம்.

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு, மென்மையான துணி, உடனே ஈரம் ஒற்றி எடுத்தல்: சுத்தம் செய்வதற்கு இவ்வளவுதான் அனுமதிக்கப்பட்டது. இறுகிய ஸ்லைடுக்குக் குறடு போடவில்லை. ஊடுருவும் எண்ணெயை இரு இணைப்பிலும் காலை மாலை ஒரு சொட்டு விட்டு, நான்காம் நாள் துணியை வளையத்தில் கோத்துச் சிறு சுண்டலாக இழுத்தபோது வந்துவிட்டது.

குழாயை வெட்டும் யோசனை ஒத்திவைக்கப்பட்டது. ஏறி நிற்கும் சுருதி பழுதாகவும் இருக்கலாம், சாட்சியாகவும் இருக்கலாம். வெட்டிவிட்டால் இரண்டில் எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

## எழுத்துகளை வாசித்த விதம்

நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது. அறையை இருட்டாக்கி, சிறு டார்ச்சை உலோகப் பரப்போடு ஏறக்குறைய படுத்த நிலையில், 10 முதல் 15 டிகிரி சாய்வில் பிடித்து, கைபேசியை முக்காலியில் அசையாமல் வைத்துப் படமெடுத்தார்கள். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டால், அந்தத் திசையிலேயே ஓடும் கோடுகள் ஒளிந்துகொள்ளும். அதனால் 45 டிகிரிக்கு ஒன்றாகச் சுற்றி எட்டுப் படங்கள். பிறகு மெல்லிய காகிதத்தை ஒட்டி, 4பி பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்து ஒரு பிரதியும் எடுத்தார்கள்.

அளவுகோல் இங்கே உதவாது, பெல் வளைந்தது. காகிதப் பட்டையை எழுத்தின் மேல் ஒட்டி, ஒவ்வொரு எழுத்தின் நடுவிலும் புள்ளி வைத்து, பட்டையைப் பிரித்து மேசையில் வைத்து அளந்தார்கள். ஒரு எழுத்துக்கு ஏறக்குறைய 4 மி.மீ. இடம். தெளிவாகத் தெரிந்த 'டி'யிலிருந்து 'எஸ்' வரை 16 மி.மீ., அதாவது நான்கு இடம். மட்ராஸ் என்ற பெயரின் ரோமன் எழுத்துகளில் 'டி' மூன்றாவது, 'எஸ்' ஆறாவது. இடைவெளி மூன்று இடம்தான், 12 மி.மீ. வந்திருக்க வேண்டும். 'எஸ்'ஸுக்கும் ரெஜிமெண்ட் சுருக்கத்தின் முதல் எழுத்துக்கும் இடையே இன்னொரு 16 மி.மீ. இருந்தது. மட்ராஸ் 'எஸ்'ஸில் முடிந்துவிடுவதால் அங்கே 8 மி.மீ. போதும், மேலும் இரண்டு எழுத்துகள் நின்று அழிந்திருந்தால்தான் 16 வரும்.

'எம்'முக்கும் 'டி'க்கும் நடுவிலிருந்தது சாய்ந்த கால்கள் கொண்ட 'ஏ' அல்ல, ஒற்றை நிமிர்கோடு. இடப்பக்க வெளிச்சத்தில் 'டி'யை அடுத்து இன்னொரு நிமிர்கோடும் அதன் வயிற்று வளைவும் மங்கலாக எழுந்தன. எம், ஐ, டி, டி... எஸ். பிரிட்டிஷ் காலாட்படைப் பெயர்களில் எம் முதலெழுத்தாகவும் டி மூன்றாமெழுத்தாகவும் வருவது மிடில்செக்ஸ் என்ற இங்கிலாந்து மாவட்டத்தின் பெயர் மட்டும்தான். மான்செஸ்டர் ரெஜிமெண்ட் என்றால் மூன்றாவது எழுத்து 'என்'. வரியின் தொடக்கத்தில் இரண்டாம் பட்டாலியன் என்பதற்கான சுருக்கத்தின் வால் எழுத்துகள் மிஞ்சியிருந்தன.

எழுத்து எண்ணிக்கையோடு பெயர் எழுதும் முறையும் ஒத்துப்போனது. மிடில்செக்ஸ் ரெஜிமெண்ட், 57ஆம் 77ஆம் காலாட்படைகளை 1881இல் இணைத்து உருவாக்கப்பட்டது. 57 முதல் பட்டாலியனாகவும் 77 இரண்டாம் பட்டாலியனாகவும் ஆயின. 'இத்தனையாவது பட்டாலியன், இன்ன மாவட்ட ரெஜிமெண்ட்' என்று எழுதும் வழக்கம் அந்தச் சீரமைப்பின் விளைவு. மட்ராஸ் படைகளின் பெயர்கள் அந்தக் காலத்தில் அப்படி எழுதப்படவில்லை. 1903க்கு முன் எண்ணோடு மட்ராஸ் இன்ஃபண்ட்ரி. 1903 சீரமைப்புக்குப் பின் 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபண்ட்ரி, 73ஆம் கர்நாடிக் இன்ஃபண்ட்ரி என்பதுபோல. மட்ராஸ் ரெஜிமெண்ட் என்ற பெயரோடு பல பட்டாலியன்கள் சேர்ந்த அமைப்பு 1922இல்தான் வந்தது. அதுவும் 3ஆம் மட்ராஸ் ரெஜிமெண்ட் என்று எண்ணோடு.

அந்த வரி 1922க்குப் பிறகு செதுக்கப்பட்டதாக இருக்கலாமா? இதற்கு வெள்ளி முலாம் பதில் சொன்னது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், தயாரிப்பாளர் பெயரின் பள்ளங்களுக்குள் வெள்ளி படிந்திருக்கிறது. ரெஜிமெண்ட் வரியின் பள்ளங்களுக்குள்ளும் அப்படியே. இரண்டும் முலாம் பூசுமுன் செதுக்கப்பட்டவை, அதாவது பட்டறையிலேயே. பின்பக்கத்துப் புள்ளி இனிஷியல்களின் பள்ளத்தில் மட்டும் நேரே பித்தளை தெரிகிறது. அவை முலாமைக் குத்தி இறங்கியவை, பின்னாளில் வந்தவை. பழைய வாத்தியத்துக்கு யாராவது மறுமுலாம் பூசியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். அப்போது தேய்ந்து உருண்ட விளிம்புகளின் மேல் வெள்ளி ஏறியிருக்கும். இங்கே முலாம் மிஞ்சிய எழுத்தோரங்கள் கூர்மையாக இருந்தன.

## வரிசை எண்ணில் நேர்ந்த பிழை

பூசி நிறுவனம் 1930இல் ஹாக்ஸ் நிறுவனத்தோடு இணைந்தது. பழைய பூசியின் தயாரிப்புப் பதிவேடுகள் இப்போது லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் உள்ளன. வரிசை எண்ணைக் கொடுத்து விசாரிக்கலாம்.

முதல் விசாரணைக்குப் பெல்லில் இருந்த எண் அனுப்பப்பட்டது. வந்த பதிலில் அந்த எண்ணுக்கு உரியது ஒரு கார்னெட். ஒரு நாள் முழுக்கக் குழப்பம். இரண்டு வாத்தியங்களின் பாகங்களைச் சேர்த்த கலப்போ என்றுகூடச் சந்தேகம் வந்தது. காரணம் மிக எளியது. பெல்லின் எண்ணும் தேய்ப்பில் அகப்பட்டது; நான்காம் இலக்கம் 8இன் இடப்பக்க வளைவுகள் அழிந்து 3 போலத் தெரிந்தது. இரண்டாம் வால்வின் உறையிலும் அதே எண் அடிக்கப்பட்டிருக்கிறது. பெல்லின் நிழலில், துணி எட்டாத மூலையில் இருப்பதால் அது அப்படியே புதிதுபோல் நின்றது. அந்த எண்ணை அனுப்பியதும் விடை பொருந்தியது: மூன்று வால்வு யூஃபோனியம், பி பிளாட், வெள்ளி முலாம், 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் முடிக்கப்பட்டது. வாங்கியவர் பற்றி அந்தப் பதிலில் எதுவும் இல்லை.

பதிவேட்டு விடையில் வாத்திய வகை கையிலுள்ளதோடு பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டியது இதனால்தான். இங்கே கார்னெட் என்று வந்ததால் பிழை பிடிபட்டது. தவறான எண் தற்செயலாக வேறொரு யூஃபோனியத்துக்கு உரியதாக இருந்திருந்தால், தவறான ஆண்டு அட்டையில் ஏறியிருக்கும்.

## சுருதி சொன்னது

பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பழைய பில்ஹார்மோனிக் சுருதி எனப்படும் உயர் சுருதியில் வாசித்தன: 'ஏ' ஸ்வரம் வினாடிக்கு 452 அதிர்வுகளுக்குச் சற்று மேல். இன்றைய பொதுச் சுருதி 440. இடைவெளி ஏறத்தாழ 48 சென்ட். அரை ஸ்வரம் என்பது 100 சென்ட். 1920களின் பிற்பகுதியில் ராணுவம் தாழ்ந்த சுருதிக்கு மாறியது.

பேரன் ஊதியபோது தெரிந்த ஏற்றமும் இதே அளவுதான். ஆனால் பினாங்கில் சுருதி அளக்கும் டியூனர் கருவியைத் திறந்தவெளியில் வைத்து அளந்தால் விடை தவறும். காற்று சூடாக ஆகச் சுருதி ஏறும். 20 டிகிரியில் சரியாக இருக்கும் பித்தளை வாத்தியம் 31 டிகிரியில் 20, 30 சென்ட் ஏறி நிற்பது வழக்கம். அதனால் இரண்டு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. குளிர்சாதன அறையில் 24 டிகிரியில் அரை மணி நேரம் வாத்தியத்தை வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே பள்ளியின் புதிய யூஃபோனியத்தையும் வைத்து, அதே வாசிப்பவரைக் கொண்டு இரண்டையும் மாறிமாறி ஊதச் செய்தார்கள். தனித்தனி அளவை விட்டு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்தால், வெப்பத்தின் பங்கு இருபக்கமும் கழிந்துவிடும்.

மவுத்பீஸ் விஷயத்தில் கவனம் வேண்டும். இந்தப் பழைய குழாயில் இன்றைய பெரிய தண்டு மவுத்பீஸ் முழுதாக இறங்காது. வெளியே நீட்டி நிற்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் சுருதியைத் தாழ்த்தும். நடுத்தரத் தண்டுள்ள ஒன்றை இரவல் வாங்க வேண்டியிருந்தது. வாசிப்பவர் டியூனரைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் உதடு தானாகச் சுருதியைத் திருத்திவிடும். வால்வு அழுத்தாத மூன்று ஸ்வரங்கள், ஒவ்வொன்றும் ஐந்து முறை. புதியது சராசரியாக 6 சென்ட் ஏற்றம், பழையது 55. வித்தியாசம் 49.

ஆக, வாத்தியம் கெட்டுப்போகவில்லை. செய்த நாளில் எந்தச் சுருதிக்குச் செய்யப்பட்டதோ அதே சுருதியில் இன்றும் நிற்கிறது. ஆனால் சுருதி ஒன்றை மட்டும் வைத்து ராணுவ வாத்தியம் என்று சொல்ல முடியாது. பிரிட்டனின் சிவிலியன் பித்தளை பேண்டுகள் 1960கள் வரை அதே உயர் சுருதியைக் கைவிடவில்லை. பதிவேட்டு ஆண்டும் ரெஜிமெண்ட் வரியும் உடன் இருப்பதால்தான் இங்கே சுருதிக்குப் பொருள் உண்டாகிறது.

பினாங்குக்கு எப்படி வந்தது என்பதற்கும் சுருதிதான் மிக இயல்பான வழியைக் காட்டுகிறது. ராணுவம் சுருதி மாறியபோது பட்டாலியன் பேண்டுகளுக்குப் பழைய வாத்தியங்கள் பயன்படாமல் போயின. மாற்றியமைக்க வேண்டும், இல்லையேல் கழிக்க வேண்டும். எல்லா வாத்தியமும் ஒரே சுருதியில் இருக்கும் ஒரு சின்ன ஊர்வல பேண்டுக்கோ உயர் சுருதி ஒரு குறையே அல்ல. இது ஊகம், ஊகம் என்றே எழுதப்பட்டது.

## புகைப்படம்

குடும்பத்தின் பழைய பேண்டு படம் ஒன்றில் கொள்ளுத்தாத்தா யூஃபோனியத்தோடு நிற்கிறார். பின்புறம் மையில் '1934 பொங்கல்'. 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தார்கள். பழைய பிரதிகளில் இடவலம் மாறி அச்சாவது உண்டு என்பதால், சட்டைப் பொத்தான் பக்கத்தையும் வால்வில் இருக்கும் வலக்கையையும் முதலில் சரிபார்த்தார்கள். கீழ் வளைவின் நீள்சதுர ஒட்டுத்தகடு அதே இடத்தில், அதே சாய்வில் தெரிந்தது. ஆக 1934இலேயே இந்த வாத்தியம் அவர் கையில் இருந்தது. ஒட்டு அதற்கும் முந்தியது. பின்பக்கத்துப் புள்ளி இனிஷியல்கள் அவருடைய பெயருக்குப் பொருந்துகின்றன.

## குடும்பத்திடம் சொன்னது

அளந்த காகிதப் பட்டையையும் எட்டுப் படங்களையும் மேசையில் பரப்பி, அவர்களே எண்ணிப் பார்க்கும்படி விட்டார்கள். வீட்டில் மூத்தவரான பெரியத்தை நெடுநேரம் பட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்போ தாத்தா பட்டாளத்துல இல்லையாப்பா?"

ஆய்ந்தவர்களில் ஒருவர் சொன்னார்: "அப்படிச் சொல்லல அத்தை. வாத்தியம் மிடில்செக்ஸ் பட்டாளத்துலேர்ந்து வந்தது. தாத்தா எங்க இருந்தாருன்னு வாத்தியத்தக் கேட்டா அதுக்குத் தெரியாது."

பொருளின் வரலாறும் மனிதரின் வரலாறும் இரண்டு தனி விசாரணைகள். ஒன்றின் விடையைக் கொண்டு மற்றதை நிரப்பக் கூடாது. கொள்ளுத்தாத்தாவின் படைச்சேவையைத் தேட வேண்டுமானால் அவருடைய முழுப்பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, படை எண் இருந்தால் அதுவும் வேண்டும். அவற்றைக் குறித்துவைக்கும்படி தனித்தாள் கொடுக்கப்பட்டது. பெரியத்தை ஊர்ப் பெயரை உடனே எழுதினார்.

கண்காட்சி அட்டையில் மூன்று வாக்கியங்கள் போயின: 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் லண்டனில் பூசி நிறுவனம் செய்தது, மிடில்செக்ஸ் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியன் பேண்டுக்காகப் பொறிக்கப்பட்டது, 1934க்குள் பினாங்கில், இன்ன குடும்பத்தாரின் கையில். மட்ராஸ் கதை அட்டையில் வரவில்லை. அது பெரியத்தையின் குரலில் பதிவுசெய்யப்பட்டு, குடும்பச் சொல் என்ற தலைப்பில் கோப்பில் இருக்கிறது.

## வாசிக்க வைத்தது

440க்கு இறக்க இந்த வாத்தியத்தில் ஏறக்குறைய 8 செ.மீ. குழாய் கூட வேண்டும். பழைய டியூனிங் ஸ்லைடை அவ்வளவு இழுத்தால் கழன்றுவிடும். வெட்டாமல், ஒவ்வொரு காலும் 4 செ.மீ. நீண்ட மாற்று ஸ்லைடு ஒன்று தனியாகச் செய்யப்பட்டது. வால்வு ஸ்லைடுகளையும் அதே விகிதத்தில் இழுக்க வேண்டும்: முதல் வால்வு ஒரு காலுக்கு 5 மி.மீ., இரண்டாவது 2 முதல் 3, மூன்றாவது 7 முதல் 8. இதை விட்டுவிட்டு முதன்மை ஸ்லைடை மட்டும் நீட்டினால், வால்வு அழுத்தாத ஸ்வரங்கள் சேரும், அழுத்திய ஸ்வரங்கள் ஏறி நிற்கும்.

## அடுத்த முறை மாற்ற வேண்டியவை

விசாரணைக் கடிதம் போகுமுன் பெல், வால்வு உறை இரண்டின் எண்களையும் ஒப்பிட்டிருக்க வேண்டும். மூன்று வாரம் வீணாயிற்று. புகைப்படத்தைக் கடைசியில் கேட்டதும் தவறு. ஒட்டுத்தகட்டின் காலம் முதலிலேயே தெரிந்திருந்தால், அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டலாமா என்ற பேச்சே எழுந்திருக்காது. குடும்பக் கதையை முதல் நாளே முழுதாகக் கேட்டதில் ஒரு சங்கடம் உண்டு: எல்லாருடைய கண்ணும் 'எம்'முக்கும் 'எஸ்'ஸுக்கும் நடுவே மட்ராஸையே தேடியது. எழுத்துப் படங்களைக் கதை தெரியாத ஒருவரிடம் முதலில் காட்டி, தெரிவதை மட்டும் எழுதச் சொல்வது மேல்.

## இப்போதைய நிலை

பேரன் மாற்று ஸ்லைடோடு பள்ளி பேண்டில் வாசிக்கிறான். அசல் ஸ்லைடு மெல்லிய எண்ணெய் பூசி, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, 'வெட்ட வேண்டாம், இதுதான் பழைய சுருதி' என்று பெரியத்தை கைப்பட எழுதிய சீட்டோடு மரப்பெட்டியில் இருக்கிறது. பளபளப்புத் திரவப் புட்டி வாசல் கதவின் பித்தளைக் கைப்பிடிக்குப் போய்விட்டது.